கை போகாத இடம்

என் புருஷன் ஜெபிஷ் வலது கைக்காரன். அதனால் எனக்கு எப்போதும் இடது கன்னம்தான் வீங்கும். இடது காதுக்குள் இப்போதும் ஒரு கொசு பாடிக்கொண்டிருக்கிறது. அது நிற்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் சொல்லப்போவது ஒரு பர்ஸ் செய்த கதை. பர்ஸுக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். சம்பந்தம் உண்டு. அளவெடுக்காமல் எந்தப் பொருளையும் செய்ய முடியாது. இந்தப் பர்ஸுக்கு அளவெடுத்தவன் அவன்தான்.

இராஜாக்கமங்கலத்தைத் தாண்டி, கடலை ஒட்டிய ஊரில் எங்கள் வீடு. ஜெபிஷ் மீன் வண்டி ஓட்டுகிறவன். ஊரில் நல்ல பெயர். கோயில் திருவிழாவில் சப்பரம் தூக்க முதல் தோள் கொடுப்பான். குடிப்பதும் அளவாகத்தான். குடித்துவிட்டு அடிக்கிறவனாக இருந்தால் குடியைத் திட்டிவிட்டு ஆறுதல் அடையலாம். இவன் சோறு ஆறிப்போனதற்கும் அடிப்பான், சுட்டதற்கும் அடிப்பான்.

ஒரு தரம் ஓடிப் பார்த்தேன். போன ஆடியில், நாலு வயது மகள் ஜாஸ்பினைத் தூக்கிக்கொண்டு மணக்குடியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனேன். எட்டாம் நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் காப்பீட்டு அட்டை எங்கே, ஆதார் எங்கே என்று கேட்டார்கள். எல்லாம் அவனுடைய அலமாரியில். என் சம்பளம் விழும் ஏடிஎம் கார்டும் அங்கேதான். போன் செய்தேன். சிரித்தான்.

"கார்டு இஞ்சதான் இருக்கு. வந்து எடுத்துக்க."

போனேன். அட்டையைக் கொடுத்தான், பிள்ளைக்கு வைத்தியம் பார்த்தான், ஆஸ்பத்திரியில் எல்லாரும் பார்க்க அவளைத் தோளில் போட்டுத் தூங்க வைத்தான். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு பெல்ட்டைக் கழற்றினான். பக்கிள் பட்ட இடம் என் முழங்கைக்கு மேல் சின்ன ஜன்னல் மாதிரி சதுரமாக இன்னும் இருக்கிறது. மறுநாள் அன்பியம் என்கிற கோயில் குழுவிலிருந்து பெரியவர்கள் வந்தார்கள். டீ குடித்தார்கள், பிஸ்கட் தின்றார்கள், "சேந்து இருங்க மக்களே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதுவரை நான் தாலிக்கும் ஊருக்கும் பயந்து கிடப்பதாக நினைத்திருந்தேன். நாலு பிளாஸ்டிக் அட்டைகளுக்குத்தான் பயந்திருக்கிறேன் என்று அன்றைக்குத் தெரிந்தது.

அதன் பிறகு அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். எங்கள் கரையில் எந்த வீட்டுக்குப் போனாலும் முன்னறையில் இயேசுவின் திருஇருதயப் படம் இருக்கும். படத்துக்குப் பின்னால் அந்த வீட்டுப் பெண் ஒளித்து வைத்த ஏதாவது ஒன்றும் இருக்கும். ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று நம்பிக்கை. நானும் அங்கேதான் வைத்தேன். பாஸ்கா, அதாவது ஈஸ்டர், கழிந்து பங்குச் சாமியார் வீடுகளை மந்திரித்து ஆசீர்வதிக்க வரும் வாரத்தில் படத்தை இறக்கித் துடைப்பார்கள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். வருடாவருடம் துடைப்பதே நான்தான். அந்த வருடம் பார்த்து என் புருஷனுக்குப் பக்தி வந்து, படத்தை அவனே இறக்கினான்.

கார்டுகள் கீழே விழுந்தன. அவன் படத்தைப் பத்திரமாகக் கட்டில்மேல் வைத்துவிட்டுத்தான் என்னிடம் வந்தான். கண்ணாடி உடையக் கூடாதல்லவா. என் தலையைக் கதவு நிலையில் இரண்டு தரம் இடித்தான். கடைவாய்ப் பல் ஒன்று நாக்கின்மேல் வந்து உட்கார்ந்தது. மீன் வெட்டும் கத்தரியை எடுத்து ஏடிஎம் கார்டை நாலாக வெட்டி, துண்டுகளை என் மடியில் போட்டான். சாயங்காலம் சாமியார் வந்தார். என் முகத்தைப் பார்த்தார், தீர்த்தம் தெளித்தார், அடுத்த வீட்டுக்குப் போனார்.

நான் நாகர்கோவிலில் பிந்து அக்காவின் தையல் யூனிட்டில் வேலை செய்கிறேன். பதினொரு பெண்கள். ஸ்கூல் பேக், கல்யாணத் தாம்பூலப் பை, லேப்டாப் உறை. அக்கா சிதறால் பக்கத்துக்காரி, நல்ல உயரம், யாருக்கும் தலை குனியாதவள். அவள் புருஷன் அனில்குமார் அண்ணன் காலையில் காரில் கொண்டுவந்து விடுவார், சாயங்காலம் வந்து கூட்டிப் போவார். வரும்போது எங்கள் எல்லாருக்கும் சுடச்சுடப் பழம்பொரி வாங்கி வருவார். அவர் அக்காவுக்குக் கார் கதவைத் திறந்துவிடுவதைப் பார்க்கும்போது எனக்குப் பொறாமையில் வயிறு எரியும். இதை ஒத்துக்கொள்வதில் என்ன வெட்கம்?

மந்திரிப்பு முடிந்து இரண்டு வாரத்தில் அக்கா எங்களைக் கூட்டி உட்கார வைத்தாள். கொச்சியில் ஒரு கடைக்காரர் புதுவிதமான பர்ஸ் கேட்கிறாராம். மாதிரி பிடித்தால் பெரிய ஆர்டர்.

"மினிமலிஸ்ட் பர்ஸாம். நாலு கார்டு, கொஞ்சம் ரூபா, அவ்வளவுதான் கொள்ளணும். கேட்டியளா, பாக்கெட்டுல வச்சா வச்சது தெரியப்பிடாது."

"மினிமலிஸ்ட்டுன்னா என்னக்கா?" என்று கேட்டேன்.

"தேவையில்லாதது ஒண்ணையும் வைக்காம இருக்கது."

"அப்ப நான் செய்யேன்."

அக்கா என் வீங்கிய கன்னத்தைப் பார்த்தாள். "ஆறு வருசமா ஸ்கூல் பேக்குக்கு ஜிப்பு தச்ச கையாக்கும். உனக்கு இது சரிப்படுமா பிள்ளே?"

"சரிப்படும்" என்றேன். வைத்தது தெரியாத பர்ஸ் கொச்சிக்கார ஆண்களுக்கு எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. எனக்கு எதற்கு என்று நன்றாக விளங்கியது.

கார்டுகளை யூனிட்டிலேயே வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். ஜெபிஷ் மாதம் இரண்டு தரம் யூனிட்டுக்கு வந்து என் பையையும் மேசை இழுப்பறையையும் கொட்டிப் பார்ப்பான். அக்காவிடம் கொடுத்தால் அவள் அண்ணனிடம் எதையும் மறைக்க மாட்டாள். அண்ணனும் ஜெபிஷும் கண்டால் கைகுலுக்கிக்கொள்வார்கள். அதெல்லாம் கூடப் பெரிதில்லை. நான் ஓடும் நேரத்தை நான் தீர்மானிக்கப் போவதில்லை, அவன்தான் தீர்மானிப்பான். அந்த நேரம் என் உடம்பின்மேல் என்ன இருக்கிறதோ அதுதான் என் சொத்து.

முதல் பர்ஸை ஆட்டுத்தோலில் செய்தேன். இரண்டாக மடித்து, மூடுவதற்குக் காந்தப் பட்டன் வைத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. உள்ளே வெறும் பிளாஸ்டிக் துண்டுகளைப் போட்டு, பாவாடை நாடாவுக்குள் செருகிக்கொண்டு வீட்டில் நடமாடிப் பார்த்தேன். குனிந்தேன், பாத்திரம் தேய்த்தேன், பிள்ளையைத் தூக்கினேன், ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் ஜெபிஷ் வண்டிச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே அடுக்களைக்குள் வந்தான். தண்ணீர் எடுக்க என்னை உரசிக்கொண்டு கை நீட்டினான். சாவிக்கொத்து அவன் விரலைவிட்டு என் இடுப்பில் போய் ஒட்டிக்கொண்டது.

முதலில் சிரித்தான். நானும் சிரித்தேன், அது என் புத்திகெட்ட சிரிப்பு. சாவியை இழுத்து எடுத்தான், மறுபடி ஒட்ட வைத்துப் பார்த்தான், அப்புறம் நைட்டியைத் தூக்கினான்.

"இதென்னதுட்டி?"

"ஆர்டர் சாம்பிளு. எப்படி இருக்குன்னு போட்டுப் பாத்தேன்."

"கொச்சிக்காரன் பர்ஸ ஒன் இடுப்புலயா வைப்பான்?"

அதே சாவிக்கொத்தை முஷ்டிக்குள் வைத்து, ஒரு சாவி விரலிடுக்கில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் குத்தினான். இடுப்பில் மூன்று, தோளில் ஒன்று. ரத்தம் நைட்டியில் பரவியதும் துணியை ஊறப்போடச் சொன்னான். கறை பிடித்துவிடுமாம். ஊறப்போட்டேன். உட்கார்ந்து துவைக்கும்போது அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவன்மேல் இருந்த கோபத்தில் பாதி அந்தக் காந்தத்தின்மேல். தேவையில்லாததை வைக்காதே என்று அக்கா சொல்லியிருந்தாள். நான் அழகுக்கு ஆசைப்பட்டேன்.

இரும்பு கிடையாது, பட்டன் கிடையாது, ஜிப் கிடையாது. சத்தம் போடுகிற எதுவும் கிடையாது. அதற்குப் பிறகு எங்கே வைப்பது என்று யோசித்தேன். தையல்காரி உடம்பை அளக்கிற மாதிரி நான் அடியை அளந்தேன். கன்னம், காது, தலைமுடி, கழுத்து, மேல்கை, இடுப்பு, தொடை. நெஞ்சுப் பக்கம் போகவே கூடாது. பெண்கள் பணம் வைக்கும் இடம் என்று ஊரில் சின்னப் பயல்களுக்குக் கூடத் தெரியும். ஒரே ஓர் இடம் மிஞ்சியது. இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவே, முதுகுப் பள்ளத்தில், உள்பாடிப் பட்டைக்கு அடியில். விழுந்து சுருளும்போது அங்கே உதைப்பான். ஆனால் கையால் அதைத் தொட்டதே இல்லை. ஆறு வருடக் கல்யாண வாழ்க்கையில் என் முதுகை அவன் ஒரு தரம்கூடத் தடவிக் கொடுத்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குத்தான் கொஞ்சம் அழுதேன்.

உதை விழும் இடம் என்றால் உதை தாங்க வேண்டும். இரண்டாவது பர்ஸில் அட்டைக்குப் பதிலாக நாலு பிளாஸ்டிக் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். கறியில் உப்புக் கூடிப்போன ஒரு வியாழக்கிழமை சோதனை நடந்தது. மறுநாள் யூனிட்டில் பிரித்துப் பார்த்தால் நாலு பிளாஸ்டிக்கும் ஒரே கோட்டில் விரிசல் விட்டிருந்தன. மூன்றாவதில் இடம் மாற்றினேன். இரண்டு அட்டை முன்னால், இரண்டு பின்னால், நடுவே மடித்த ரூபாய் நோட்டு. நோட்டு மெத்தை மாதிரி அடியை வாங்கிக்கொள்ளும். தோலின் ஓரங்களைச் சீவிச் சீவிக் காகிதமாக்கினேன். பின்பக்கத் தோலில், பட்டை நுழைய இரண்டு கீறல். அக்கா வெர்னியர் அளவுகோல் வைத்து கனம் அளந்தாள். எல்லாம் வைத்து ஆறு மில்லிமீட்டர்.

"இந்தக் கீறல் எதுக்கு மக்கா?" என்று கேட்டாள்.

"சும்மா, மாட்டித் தூக்கலாம்."

அவள் பர்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "மூடி இல்லாம எப்படி ரூபா விழாம நிக்குது?"

"எதிரெதிரா மடிச்சிருக்கேன். குலுக்கினா இறுகும், இளகாது."

அதையும் ஜெபிஷ்தான் சோதித்துக் கொடுத்தான். என்னைக் குலுக்குவதில் அவனுக்கு இணை கிடையாது.

வங்கியில் புது ஏடிஎம் கார்டு கையோடு கொடுத்தார்கள். என் ஆதாரையும் மகளின் ஆதாரையும் காப்பீட்டு அட்டையையும் இ-சேவை மையத்தில் புதிதாக எடுத்தேன். நாலையும் முதுகில் சுமந்துகொண்டு நடந்தேன். சமைத்தேன், பூசைக்குப் போனேன், அவன் பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்த்தேன். ஒன்று மட்டும் பாக்கி. மகளை வேறு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டும். கோயில் அலுவலகத்தில் கேட்டேன். கணக்கப்பிள்ளை ததேயுஸ் எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் ஜெபிஷுக்குப் போன் செய்துவிட்டார். நல்ல எண்ணத்தில்தான். குடும்பத் தலைவரிடம் சொல்ல வேண்டுமாம்.

அது சனிக்கிழமை மத்தியானம். நான் தரையில் உட்கார்ந்து ஆர்டர் மாதிரிக்குக் குத்தூசியால் துளை போட்டுக்கொண்டிருந்தேன். தோல் தைக்கும் ஊசி அது. மரப்பிடி, விரல் நீள இரும்பு. ஜெபிஷ் உள்ளே வந்து கதவைச் சாத்தினான். ஜாஸ்பினைக் கட்டிலுக்கு அடியில் போகச் சொன்னான். அவள் பழகினவள், தானே பொம்மையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"ஏட்டி, எங்க போவதுக்கு சர்டிபிகேட்டு?"

நான் வாயைத் திறப்பதற்குள் இடது காதில் விழுந்தது. கொசு பாடத் தொடங்கியது அந்த அடியில்தான். முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். அலமாரியைத் திறந்து பார்த்து, பழைய அட்டைகள் அப்படியே இருக்க நான் புதிது எடுத்துவிட்டேன் என்று புரிந்ததும் அவன் முகம் வெளிறிப்போனது. அவனுக்கும் பயம் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"புதுக் கார்டு எங்கட்டி? சொல்லுதியா, இல்ல கொன்னு போடட்டா?"

என் சட்டையை முன்பக்கம் கழுத்திலிருந்து கீழ்வரை கிழித்தான். இடுப்பைத் தடவினான், நாடாவை அறுத்தான். அரிசிப் பானையைக் கவிழ்த்தான், தலையணையைக் கிழித்தான், திருஇருதயப் படத்தை இறக்கிப் பின்னால் பார்த்தான், இந்த முறை கீழே எறிந்தான். கண்ணாடி என் காலடிவரை தெறித்தது. நான் எழுந்து ஓடப் பார்த்தேன். இடது மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். பச்சை விறகு ஒடிகிற சத்தம் கேட்டது. நான் கத்தினேன். ஊருக்கே கேட்டிருக்கும். ஊர் சோறு தின்றுகொண்டிருந்தது.

விழுந்து சுருண்டேன். உதைத்தான். ஒன்று, இரண்டு. முதுகில், நடுவில், சரியாகப் பர்ஸின்மேல். அது ஒடியவில்லை. அந்த நிலைமையிலும் எனக்கு அது தெரிந்தது, எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? நான் செய்த பொருள் நிற்கிறது. அவன் ஆறு வருடமாக உடைத்ததில் உடையாத ஒன்று என் முதுகில் இருக்கிறது. என் வலது கை தரையில் கிடந்த குத்தூசியின் பிடியைத் தேடிப் பிடித்தது. மூன்றாவது உதைக்கு வலது காலைத் தூக்குவதற்காக இடது காலை அழுத்தி ஊன்றினான். அந்தப் பாதத்தின்மேல் முழு பலத்தோடு இறக்கினேன். பிடிவரை போனது.

அவன் போட்ட சத்தத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு இரக்கம் வரவில்லை. பொய் எதற்குச் சொல்ல வேண்டும்? அவன் ஊசியைப் பிடுங்கப் பார்த்து அலறினான், உட்கார்ந்தான், என் காலைப் பிடித்தான். கட்டில்மேல் கிடந்த அவன் பெல்ட்டை எடுத்து, பக்கிள் முனை வெளியே இருக்கும்படி அவன் வாய்மேல் ஓங்கி அடித்தேன். இரண்டாவது அடி தேவையில்லை. ஆனாலும் அடித்தேன். அப்புறம் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்து, "ஜாஸ்பின், வா மக்கா, போவோம்" என்றேன்.

கிழிந்த சட்டைக்கு மேல் அவனுடைய மீன் வண்டி கோட்டை மாட்டிக்கொண்டு, ஒடிந்த கையை நெஞ்சோடு அணைத்து, மற்ற கையில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். தெருவில் எல்லா வாசலிலும் ஆள். டவுன் பஸ் வந்தது. பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கண்டக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு முன் சீட்டில் இருந்தவரை எழுப்பிவிட்டார்.

யூனிட்டுக்குப் போனபோது மூடும் நேரம். அனில்குமார் அண்ணன் கார் நின்றுகொண்டிருந்தது. அவர்தான் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழி முழுக்கக் கொதித்தார்.

"பெண்ணுங்கள கை நீட்டி அடிக்கவன் ஒரு ஆணா? இவனயெல்லாம் உள்ள தள்ளணும். என்ன பிந்து?"

"ஓ" என்றாள் அக்கா. ஜாஸ்பினை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பேனாவோடு நின்று, "எப்படி அடிபட்டுது? விழுந்ததா?" என்று கேட்டார். எங்கள் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் குளியலறையில்தான் விழுகிறார்கள். நான் "புருஷன் அடிச்சான்" என்றேன். ஆதார் கேட்டார். முதுகுக்குப் பின்னால் கை விட்டு எடுத்துக் கொடுத்தேன். அட்டை வியர்வையில் சூடாக இருந்தது. பிந்து அக்கா அதைப் பார்த்தாள். கீறல் எதற்கு என்று மறுபடி அவள் கேட்கவில்லை.

அதன் பிறகு நடந்தது போலீசும் கோர்ட்டும். அவன் நொண்டிக்கொண்டு வந்து எதிர்ப் புகார் கொடுத்தான். அன்பியத்துப் பெரியவர்கள் யூனிட்டுக்கே வந்து, குத்தியது பாவமில்லையா என்று கேட்டார்கள். பாவம்தான், சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் இப்போது கிளம்புங்கள் என்றேன். யூனிட்டுக்குப் பின்தெருவில் ஓர் அறை பிடித்தேன். பிள்ளையைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். காலையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாயா குடிக்கிறேன். அது எவ்வளவு பெரிய சுகம் என்று அடிபடாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

கொச்சிக்காரருக்கு மாதிரி பிடித்துவிட்டது. ரூபாயை நடுவில் வைக்கும் யோசனை யாருடையது என்று போனில் கேட்டாராம். முதல் ஆர்டர் அறுபது. மணிக்கட்டில் கட்டுப் பிரித்த வாரமே வெட்ட ஆரம்பித்தேன். தைத்து முடித்து மேசையில் பத்துப் பத்தாக அடுக்கிவிட்டு, மத்தியானம் பிள்ளையைக் கூட்டி வரப் போனேன். திரும்பி வந்து எண்ணினால் ஐம்பத்தாறு.

மறுபடி எண்ணினேன். ஐம்பத்தாறுதான். பெண்கள் எல்லாரும் மெஷினில் தலை குனிந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். சிரித்துப் பேசுகிற செசிலிகூட அன்றைக்கு வாய் திறக்கவில்லை. ஒளித்து வைக்கத்தான் எடுத்திருப்பார்கள். நாலு பேர். தினமும் ஒன்றாக உட்கார்ந்து சோறு தின்கிறோம். எவள் எவள் என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு அக்காவிடம் சொன்னேன்.

"நாலு குறையுது அக்கா."

"எண்ணினது தெற்றியிருக்கும். விடு. நாலு கூடுதலா வெட்டிப் போடு" என்று சொல்லிவிட்டு, அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டக் குனிந்தாள். வெளியே அனில்குமார் அண்ணனின் கார் வந்து நின்றது. பழம்பொரி வாசம் உள்ளேவரை வந்தது. குனிந்ததில் அக்காவின் சுடிதார் முதுகில் இறுகியது. இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, துணிக்கு அடியில், நாலு மூலைகள் தெரிந்தன.

யாருக்கும் தலை குனியாதவள் என்று நான் நினைத்திருந்தவள். திறந்துவிடுகிற கார் கதவைப் பார்த்து நான் வயிறெரிந்த இத்தனை வருடங்களும் ஒரு நிமிடத்தில் என் கண்முன் வந்து நின்றன. கட்டிப்பிடித்து அழலாம் என்று தோன்றியது. அழுதால் வெளியே கேட்கும்.

"அக்கா" என்றேன் மெதுவாக. "மூலைய இன்னும் கொஞ்சம் உருட்டணும். துணிக்கு மேல தெரியுது."

டேப் ஒட்டிக்கொண்டிருந்த கை நின்றது. அக்கா திரும்பவில்லை. வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். நிமிர்ந்து, ஷாலைப் பிரித்து முதுகு மூடப் போட்டுக்கொண்டாள்.

"இன்னைக்கே முடியுமா?" என்று கேட்டாள்.